முக்கோணங்களால் அளந்தவர்

திருச்செங்கோட்டு மலையுச்சியில் நின்றால் வடக்கே சங்ககிரிக் கோட்டை மலை தெரியும். அம்மலைவரை நடந்து செல்லாமலே அதன் தொலைவைக் கணக்கிட முடியும். சமவெளியில் இரண்டு இடங்களைத் தேர்ந்து அவற்றின் இடைவெளியைப் பிழையின்றி அளக்க வேண்டும். பின்னர் அவ்விரு இடங்களிலிருந்தும் சங்ககிரியை நோக்கிக் கோணங்களைக் குறிக்க வேண்டும். மீதியை முக்கோணவியல் சொல்லிவிடும். பத்தாம் வகுப்பில் நீங்கள் பயின்ற இக்கணக்கை ஒரு துணைக்கண்டத்தின்மீது விரித்தவர் வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், படைப்பணியின்பொருட்டு வட அமெரிக்காவில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். ஓய்வு நேரத்தில் கணிதமும் வானியலும் தாமே கற்றார். அக்கல்வி 1799ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் பயன்பட்டது. இரவில் நடந்த படைப்பிரிவு வடக்கே செல்வதாக எண்ணித் தெற்கே, பகைவர் இருக்கும் திசையில், சென்றுகொண்டிருந்தது. விண்மீன்களைக் கண்டு அதனை உணர்த்தியவர் லாம்ப்டனே.

போர் முடிந்ததும், தீபகற்பத்தைக் கரையிலிருந்து கரைவரை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை அவர் முன்வைத்தார். புவியின் வளைவையும் அதனூடே அறிவது அவரது உள்ளார்ந்த விருப்பம். எதிர்ப்பும் எழுந்தது. சீரங்கப்பட்டணம் செல்ல விரும்புவோர் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, இவ்வளவு செலவு எதற்கு என்று சென்னையில் நிதிப் பொறுப்பிலிருந்தவர் ஒருவர் கேட்டாராம். கேள்வியில் நகைச்சுவை உண்டு, தொலைநோக்கு இல்லை.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோட்டின் அளவீடு தொடங்கியது. நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் கூடாரமிட்டு, வெப்பத்தால் எஃகு எவ்வளவு நீள்கிறது என்பதையும் கணக்கிட்டனர். ஏறத்தாழ ஏழரை மைல் தொலைவுக்குச் சங்கிலியை நானூறு முறை நகர்த்த வேண்டியிருந்தது. 57 நாள்கள் ஆயின. அதன்மேல் எழுந்த முக்கோணங்கள் மேலைக் கடற்கரையை எட்டியபோது, பழைய நிலப்படங்கள் தீபகற்பத்தை நாற்பது மைல் அகலமாக்கிக் காட்டியிருந்தது வெளிப்பட்டது. இல்லாத நிலத்தைப் படத்தில் வைத்துக்கொண்டு ஆட்சி நடந்திருக்கிறது!

குன்றுகளே இல்லாத தஞ்சை வயல்வெளியில் கோயில் கோபுரங்களே அளவைக்குரிய உயரங்களாயின. 1808இல் அரை டன் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோயிலின்மீது ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பெருவட்டம் நெளிந்தது. மாற்றுக்கருவி இங்கிலாந்திலிருந்து வருவதற்கு நெடுங்காலம் ஆகும். லாம்ப்டன் தாமே அமர்ந்து, நெளிந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் கருவி மீண்டும் பணிக்கு வந்தது. அவரது வாழ்வில் வியக்கத்தக்க பகுதி எது என்று கேட்டால், இவ்வாறு வாரங்களையே சொல்வேன்.

குமரிமுனையிலிருந்து வடக்கே வளர்ந்த பெரும் வளைவு ஏறத்தாழ 78 பாகைத் தீர்க்கக்கோட்டை ஒட்டியது. அக்கோடு திருச்செங்கோட்டிற்குச் சற்றுக் கிழக்கே செல்கிறது. வரித்தண்டலுக்கும் படை நகர்வுக்கும் கம்பெனியார்க்கு இவ்வளவை உதவியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காடுகளிலும் குன்றுகளிலும் கொடிபிடித்து நின்ற நம் நாட்டுப் பணியாளர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். மழை புழுதியைக் கழுவிய தெளிந்த பருவமே தொலைநோக்கிக்கு ஏற்றது. காய்ச்சல் பரவும் பருவமும் அதுவே.

1823 சனவரி 20ஆம் நாள், இன்றைய மகாராட்டிரத்தின் இங்கன்காட்டில், பணிப்பயணத்திலேயே லாம்ப்டன் இறந்தார். அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டியிருந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற எவரெசுட்டின் பெயர் உலகின் உயர்ந்த சிகரத்திற்கு அமைந்தது. தொடங்கியவரின் பெயரைச் சுமக்கும் சிகரம் ஏதுமில்லை.

பேரளவான பரப்பை நுண்மையாக அறியப் பேரளவான கருவி வேண்டியதில்லை, சிறிய அளவீடுகளைப் பிழையின்றி இணைத்தால் போதும் என்பதே அவரது முறை. விண்ணிலிருந்து நிலத்தை நோக்கும் செயற்கைத் துளை ரேடாரும் இவ்வாறே இயங்குகிறது. பறக்கும் பாதை நெடுகிலும் நுண்ணலைகளை அனுப்பி, திரும்பும் எதிரொலிகள் பல்லாயிரத்தைக் கணினி ஒன்றுசேர்க்கிறது. சிறிய அலைவாங்கி பல கிலோமீட்டர் நீளமானதுபோலப் பணியாற்றுகிறது. இருளும் மேகமும் அதற்குத் தடையில்லை. இசுரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள் 2025 சூலை 30ஆம் நாள் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கியைக் கொண்டு, 12 நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தின்மீது மீண்டும் வந்து, நிலம் சில சென்டிமீட்டர் அசைந்தாலும் அது கண்டறியும். ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீர் மிகுதியாக எடுக்கப்படும் சமவெளிகளில் தரை தாழ்வதும் அதன் பார்வைக்குத் தப்பாது. கிணறு தோண்டும் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோட்டார்க்கு அந்தப் படங்கள் அயலானவை அல்ல.