டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

கருவுற்ற மாதின் உடலில் ஓடும் உதிரம் ஒன்றே. அதனால் வாழும் உயிர்களோ இரண்டு. அவ்வுதிரம் குன்றின் இரண்டும் நலியும். அக்குறை தீர்க்கும் மருந்தொன்றை உலகிற்கு அளித்தோருள் ஒருவர், முன்னொருகால் நம் மயிலை இராமகிருஷ்ண மடத்தை நாடிய இளைஞராவர்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு பீமவரத்திற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை தேறினார். துறவு பூண விழைந்தார், அன்னையார் இசைந்திலர். ஆகவே, பிணியாளர்க்குத் தொண்டாற்றக் கருதிச் சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்தார். கதராடை அணிந்தமையால் ஆசிரியர் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் இழந்து எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். இதனிடையே உடன்பிறந்தாரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தார்.

பின்னர் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு சென்று, 1925-இல் பிஸ்க் என்பாருடன் கூடி, உதிரத்திலுள்ள பாஸ்பரஸின் அளவை நீலநிறத்தின் செறிவால் அறியும் முறையை வெளியிட்டார்.

கர்ப்பிணிகளின் ஒருவகைச் சோகை ஈஸ்ட் சாரத்தால் தீர்வதைப் பம்பாயில் ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார் 1931-இல் எடுத்துரைத்தார். அதனைத் தீர்த்த பொருள் போலிக் அமிலமே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அதனை 1945-இல் செயற்கையாக ஆக்கியது, லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவ் நடத்திய குழுவாம். ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. உடன்பிறந்தார்க்குக் கிட்டாதது ஊரார்க்குக் கிட்டியது.

1948-இல், தம் 53-ஆம் வயதில் நியூயார்க்கில் மறைந்தார். இன்று நம் நாட்டுத் தாய்மார் கருவுற்ற காலத்து உண்ணும் இரும்புச்சத்து மாத்திரையில் போலிக் அமிலமும் உளது. உண்போருள் அவர் பெயரறிந்தார் மிகச் சிலரே. தேர்வில் தவறி மனஞ்சோரும் நம் தோழர், மூன்றாம் முறை தேறிய இப்பெரியாரை நினைந்து ஊக்கங்கொள்வாராக.