இராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனும் தொலைந்த தீவுப் படமும்

உலகில் இல்லாத நாட்டிற்கு நிலப்படம் வரைவது வீண் வேலையென்று கருதுவோர் பலர். ஆயினும், மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஒருவர் கதை நடத்த ஏனையோர் வீரராகவும் மந்திரவாதிகளாகவும் பாத்திரமேற்று ஆடும் ஆட்டமொன்று 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் பெயரால் வெளிவந்து பரவிய பின்னர், அவ்வேலையை விரும்பிச் செய்வோர் தொகை மிகப் பெரிதாயிற்று. நிலவறைகளையும் அவற்றின் வழிகளையும் கட்டமிட்ட தாளில் முதற்கண் வரைந்துகொண்டே ஆட்டத்தைத் தொடங்குதல் வேண்டுமென்பது அதன் முதல் விதிநூலிலேயே காணப்படுவது. இவ்வாட்டம் தோன்றுவதற்கு 90 ஆண்டுகட்கு மேலாகவே, படம் முன்னும் கதை பின்னுமாகப் படைத்துக் காட்டிய ஒருவர் ஸ்காத்லாந்தில் வாழ்ந்தார். 'புதையல் தீவு' என்னும் நூலால் நம்மிற் பலரும் அறிந்த இராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனே அவர். அவர் வாழ்வில் அத்தீவின் படம் பெற்ற இடத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர்தம் ஏனைய நூல்களை விரித்துரைத்தல் எம் கருத்தன்று.

ஸ்டீவன்ஸன் 1850-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் எடின்பரோ நகரிற் பிறந்தார். கலங்கரை விளக்கம் கட்டுதல் அவர் குடும்பத்திற்குக் குலத்தொழில். பாட்டனார் நடுக்கடற் பாறையின்மேல் பெல் ராக் விளக்கத்தை எழுப்பியவர். தந்தையார் தாமஸ் ஸ்டீவன்ஸனும் அத்தொழிலிற் பெரும் பெயர் பெற்றவர். கரையையும் பாறையையும் நீராழத்தையும் அளந்து தாளில் வரைதல் அவ்வீட்டில் அன்றாடச் செய்தி. ஒரே மைந்தராகிய லூயியோ நோயாளிப் பிள்ளை. இருமலால் உறக்கமின்றிப் படுக்கையிற் கிடந்த நாட்களில் போர்வை மடிப்புக்களையே மலையும் பள்ளத்தாக்குமாக்கி, ஈயப் போர்வீரர்களை அவற்றினூடே நடத்தி விளையாடினார்.

தந்தையார் தம் தொழிலையே மகனுக்கும் வகுத்தார். 1867-இல் எடின்பரோ சர்வகலாசாலையிற் சேர்ந்த மகன் பாடங்களிற் கருத்துச் செலுத்தினாரல்லர். எனினும் 1871-இல் கலங்கரை விளக்கத்தின் ஒளியைப்பற்றி ஒரு கட்டுரை வாசித்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். தந்தை மகிழ்ந்து முடிவதற்குள், அதே ஆண்டு ஏப்ரலில், எழுத்தாளனாவதே தம் விருப்பமென்று அவரிடம் கூறிவிட்டார். எழுத்தால் வயிறு நிரம்புமோ என்று அஞ்சிய தந்தையார் சட்டமாவது படிக்குமாறு பணித்தார். 1873-இல் அதனினும் பெரிய இடி விழுந்தது. தந்தையார் கடவுட்பற்று மிக்க பிரெஸ்பிட்டேரியர். மகனோ அந்நம்பிக்கை தமக்கில்லையென்று வெளிப்படக் கூறினார். அன்றுமுதல் அவ்வீட்டில் நெடுநாள் துயரமே குடிகொண்டிருந்தது. 1879-இல் மகன் பெற்றோர்க்குச் சொல்லாமலே, தாம் காதலித்த பானி ஆஸ்போர்ன் அம்மையாரை நாடி அமெரிக்காவிற்குக் கப்பலேறினார். அங்கே வறுமையும் நோயும் அவரை வாட்டியதைக் கேள்வியுற்ற தந்தை, சினத்தை விடுத்து, ஆண்டிற்கு 250 பவுன் தருவதாகத் தந்தியடித்தார். தந்தை மனம் அத்தகையது.

1880-இல் மணம் முடித்து, மனைவியோடும் அவர் மகன் லாயிடோடும் ஸ்டீவன்ஸன் தாய்நாடு மீண்டார். அடுத்த ஆண்டு கோடையின் இறுதியில் பிரேமார் என்னும் மலையூரில் ஒரு குடிலிற் குடும்பம் தங்கியிருந்தது. மழையோ ஓய்ந்தபாடில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் லாயிட் வண்ணம் தீட்டிப் பொழுது போக்கினான். அவனோடு அமர்ந்து ஸ்டீவன்ஸன் ஒரு தீவின் படத்தை வரைந்தார். வரையத் தொடங்கியவன் தானே என்று லாயிட் பிற்காலத்தில் எழுதினான். தாமே வரைந்ததாக ஸ்டீவன்ஸன் எழுதினார். இவ்வழக்கைத் தீர்க்க எம்மாலாகாது, தீர்க்கவேண்டுவதும் இல்லை. துறைகளும் குன்றுகளும் பெயர் பெற்றன. புதையலின் இடங்களைச் சிவப்புக் குறிகள் மூன்று காட்டின. அப்படத்தை நோக்கி நோக்கி இருந்தபோது, அதன் காடுகளினிடையே கதைமாந்தர் வாளேந்தி நடமாடக் கண்டாராம் ஆசிரியர். உடனே தாளெடுத்து அதிகாரங்களின் பெயரை வரிசைப்படுத்தினார். நாளுக்கு ஓரதிகாரமாகப் 15 நாள் கதை வளர்ந்தது.

எழுதியதை அன்றன்றே குடும்பத்தார்க்குப் படித்துக் காட்டினார். கேட்டவர்களுள் முதியவராகிய தாமஸ் ஸ்டீவன்ஸனும் ஒருவர். மகன் எழுத்தை வீண் தொழிலென்று வருந்திய அவரே, கடற்கள்வர் கதையைக் குழந்தைபோற் செவிமடுத்தார். இறந்துபட்ட பில்லி போன்ஸின் பெட்டியை ஆராயும் கட்டம் வந்தபோது, அதனுள் இருக்கத்தக்க பொருள்கட்கெல்லாம் ஒரு பட்டியலைத் தம் கையாலேயே எழுதித் தந்தார். கொள்ளைத் தலைவன் பிளின்ட்டின் கப்பலுக்கு 'வால்ரஸ்' என்னும் பெயரும் அவர் இட்டதே. கட்டளையிட்டும் கண்ணீர் விட்டும் கூடாத உறவு ஒரு விளையாட்டுப் படத்தால் கூடிற்று.

அக்கதையின் பிற்பகுதி ஸ்விட்சர்லாந்தில் தாவோஸ் என்னும் ஊரில் எழுதப்பெற்றது. நுரையீரல் நோய்க்காக அங்குத் தங்கியிருந்த அக்குளிர்காலத்திலும் படம் வரைதல் ஓயவில்லை. ஏணிவழி ஏறிச்செல்லும் இருண்ட மேல்மாடத்தின் தரையில், மலை, ஆறு, பாலம், ஊர், இருவகைச் சாலைகள் ஆகியவற்றைப் பல நிறச் சுண்ணக்கட்டியால் வரைந்து, ஈயவீரர்களை நிறுத்தி, அவரும் லாயிடும் போராட்டம் ஆடினர். மெழுகுவத்தி வெளிச்சத்தில், விரல் விறைக்க, முழங்கால் நோவ ஆடிய ஒரு போர் முடிவதற்கு வாரங்கள் சென்றனவாம். போரைக் குறித்துப் பொய்ப் பத்திரிகைச் செய்திகளையும் ஸ்டீவன்ஸன் எழுதினார். இன்றைய ஆட்டக்காரர் நிலத்தை வரைந்து, விதி வகுத்து, நிகழ்ச்சியைக் கதையாக்குவதற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே.

சிறுவர் வார இதழொன்றில் புனைபெயரால் வெளிவந்த கதையை நூலாக்கக் காஸல் கம்பெனியார் 100 பவுன் தர இசைந்தனர். கையெழுத்துப் படியோடு தீவுப் படமும் அனுப்பப்பெற்றது. அச்சுத் தாள்கள் திருத்தத்திற்கு வந்தன. படத்தைப்பற்றிச் செய்தியே இல்லை. கேட்டபோது, அது தங்களுக்கு வந்து சேரவேயில்லை என்றனர். ஸ்டீவன்ஸன் திகைத்தார். மனம்போலப் படம் வரைந்து அதற்கேற்பக் கதை எழுதுதல் எளிது. எழுதி முடித்த நூலைப் பக்கம் பக்கமாகத் துருவி, எக்குன்று எத்திசையில், எத்துறைக்கு எத்துணைத் தொலைவு என்று தொகுத்து, அவை யாவற்றிற்கும் பொருந்தக் கவைமுள் கொண்டு படம் அமைத்தல் அதனினும் பன்மடங்கு அரிது. அவ்வரிய வேலையைச் செய்தே தீரவேண்டியதாயிற்று.

அது நிறைவேறிய இடம் தந்தையாரின் அலுவலகம். மெய்யான பாறைகட்கு விளக்கம் வகுத்த இடத்தில் பொய்த்தீவு மீண்டும் வரையப்பட்டது. நீர் பீச்சும் திமிங்கிலங்களும் பாய் விரித்த கப்பல்களும் ஓரங்களிற் சேர்ந்தன. தாமஸ் ஸ்டீவன்ஸன், பலவகைக் கையெழுத்தும் எழுதவல்ல தம் திறமையைக் காட்டி, பிளின்ட்டின் ஒப்பத்தையும் பில்லி போன்ஸின் கடல்வழிக் குறிப்பையும் தாமே பொறித்தார். 1883 நவம்பரில் நூல் வெளிவந்தது. இரண்டாம் படம் தமக்கு ஒருபோதும் புதையல் தீவாகத் தோன்றவில்லை என்று ஸ்டீவன்ஸன் குறைப்பட்டுக் கொண்டார். எமக்கோ, தொலைந்ததினும் இதுவே பெருமதிப்புடையதாகத் தோன்றுகின்றது.

1886-இல் வெளியான 'கிட்னாப்ட்' என்னும் நூலிலும் நிலப்படம் இடம்பெற்றது. அதில் வரும் எரெய்ட் தீவு, முன்னர்த் தந்தையார் கட்டிய விளக்கத்தின் வேலை காண 1870-இல் லூயி சென்று தங்கிய தீவே. 1887 மே மாதத்தில் தந்தையார் காலமானார். இறுதியிற் காண ஓடிவந்த மகனை அவரால் அடையாளம் கண்டுகொள்ள இயலவில்லை. அவ்வாண்டிலேயே ஸ்டீவன்ஸன் தாய்நாட்டை விட்டு நீங்கினார், பின்னர் மீளவேயில்லை. பசிபிக் கடலிலுள்ள ஸமோவாத் தீவிற் குடியேறி, 1894-இல் தம் முதற்கதை பிறந்த வரலாற்றையும் படம் தொலைந்த கதையையும் ஒரு கட்டுரையாக எழுதி வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள், 44-ஆம் வயதில், உயிர் நீத்தார். ஸமோவா மக்கள் காட்டை வெட்டி வழி செய்து, வையா மலையுச்சிக்கு அவருடலைச் சுமந்து சென்று அடக்கம் செய்தனர்.

பிரேமாரில் வரைந்த முதற்படம் கிடைக்கவேயில்லை. நூலின் முகப்பில் அச்சிடப்பெற்று வருவது, தந்தையார் பிளின்ட்டின் பெயரால் ஒப்பமிட்ட அவ்விரண்டாம் படமே.