கிரகரியின் இரு சட்டங்கள்

கொழும்பு நூதனசாலையின் முன்றலில் நிற்கும் சிலை சேர் வில்லியம் கிரகரியினுடையது. நுவரெலியாவின் ஏரியும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த அவரை, நூதனசாலையை நிறுவியவராகவும் வடமத்திய மாகாணத்தை உருவாக்கியவராகவும் நாம் அறிவோம். பசியிலும் பிணியிலும் வீழ்ந்த ஏழைக்கு அரசு என்ன கடமைப்பட்டுள்ளது என்ற வினாவுக்கு அவர் தம் வாழ்நாளில் இருமுறை சட்டத்தின் வழியே விடையளித்தார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. இரண்டும் முரண்பட்ட விடைகள்.

1816இல் டப்ளினில் பிறந்த கிரகரி, 1842இல் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த 1847ஆம் ஆண்டில், வறியோர் நிவாரணச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை அவர் முன்மொழிந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குத்தகையாளர் எவருக்கும், அந்நிலத்தைக் கைவிட்டாலன்றி அரசு நிவாரணம் இல்லை என்பதே அது. நிலத்தை விட்டவர்கள் வீட்டையும் இழந்து தெருவுக்கு வந்தனர்; விட மறுத்தவர்கள் பட்டினி கிடந்தனர். அதே ஆண்டில் கிரகரியின் தந்தை, குடியானவர்களுக்கு உதவப்போன இடத்தில் தொற்றிய காய்ச்சலால் இறந்தார். மகனின் பெயரோ அந்த விதியோடு ஒட்டிக்கொண்டது. அயர்லாந்து இன்றும் அதைக் கிரகரி விதி என்றே அழைக்கிறது.

பின்னர் குதிரைப் பந்தயத்தில் பெரும் செல்வத்தைத் தொலைத்து, 1857இல் மீண்டும் நாடாளுமன்றம் புகுந்து, இறுதியில் இலங்கைக்கு வந்தார்.

அவர் வந்தபோது இங்கே கோப்பி பொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பறிக்கும் கைகள் தமிழகத்திலிருந்து வந்தன. இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி மன்னார்த் தீவிலும் அதனையடுத்த கரையோரத்திலும் இறங்கியவர்கள், பனையும் முட்புதரும் தவிர நிழலற்ற, குடிநீர் அரிதான நிலத்தினூடே மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். கங்காணியிடம் பட்ட கடன் முதல் அடியிலேயே கூட வந்தது. வாந்திபேதியும் வயிற்றோட்டமும் வழியெங்கும் காத்திருந்தன. நடக்க முடியாதவரைக் கூட்டம் பாதையோரத்தில் விட்டுச் சென்றது. 1840களில் வந்தவர்களில் நால்வரில் ஒருவர் மாண்டிருக்கலாம் என 1849இலேயே கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. அக்கணக்கை மிகையென்று கொண்டாலும் கொடுமை குறைந்துவிடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு உணவும் உறைவிடமும் வைத்தியமும் தருவதை முதலாளியின் கடமையாக்கியிருந்தது. தப்பியோடிய தொழிலாளியைச் சிறையிடவும் அதே சட்டம் வழிசெய்தது. இரண்டாவது விதி தவறாது செயற்பட்டது. முதலாவதைக் கேட்பார் இல்லை. வேலைக்கு உதவாத நோயாளியைத் தோட்டத்திலிருந்து நீக்கிவிடுவது துரைக்குச் செலவில்லாத வழி. சாகும் தறுவாயிலேயே கூலிகள் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று கம்பளையில் பணியாற்றிய பறங்கி வைத்தியர் வான் டோர்ட் அரசுக்கு எழுதினார். தோட்டத்துரைமார் சினந்தனர். ஒரு வைத்தியர், தம் நோயாளியின் பக்கம் நின்று அதிகாரத்துக்கு எழுதிய அறிக்கை என்பதாலேயே அது நம் மருத்துவ வரலாற்றில் இடம்பெறத் தக்கது.

இச்சூழலில் வந்ததே 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம். தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டு வைத்திய அதிகாரிகள் நியமனம் பெற்றனர். செலவின் ஒரு பங்கைத் தோட்ட உடைமையாளர் வரியாகச் செலுத்த வேண்டும். கால் ஏக்கர் நிலத்தைப் பறித்துவிட்டுக் கஞ்சி ஊற்றச் சொன்ன அதே மனிதரின் ஆட்சியில், ஏழையின் வைத்தியம் அவனை வேலைவாங்குவோர் மீதான கடனாயிற்று. கருணை மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. கோப்பி பறிக்க உயிருள்ள கைகள் தேவைப்பட்டன. ஆயினும் அந்த மாற்றம் சிறிதன்று.

ஆனால் அக்கடமை தோட்ட எல்லையில்தான் தொடங்கியது. மன்னார்க் கரையில் இறங்கியவர் இன்னும் எந்தத் துரையின் ஆளுமல்லர். ஆகவே அவருக்குக் கடமைப்பட்டவரும் இல்லை. வழிநெடுக அரசு அமைத்த சில கிணறுகளும் மடங்களும் சிகிச்சைக் கொட்டில்களுமே அவருக்குக் கதி. கிரகரியின் பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1876இல், தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் பிடித்தது. 1877இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் உடலில் வலுவின்றி மன்னார்ப் பாதையில் நடந்தவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் கண்ட எலும்புக்கூடுகள் அவர் நினைவுக்கு வந்திருக்குமா? அந்த ஆண்டிலேயே அவர் பதவி விலகிச் சென்றார்.

1880இலும் 1882இலும் மருத்துவச் சட்டம் திருத்தப்பட்டு, நிர்வாகம் துரைமாரிடமிருந்து அரசின் கைக்கு மாறியது. கிரகரி 1892 மார்ச்சில் மறைந்தார். 1899இல் அரசு மன்னார்ப் பாதையை மூடி, குடிபெயர்வோரைத் தூத்துக்குடி - கொழும்பு வழியே திருப்பி, ராகமையில் நோய்த்தடுப்பு முகாம் அமைத்தது. பாதையில் மாண்டவர்களைக் காட்டிலும், அவர்கள் வழியாக ஊருக்குள் பரவிய கொள்ளைநோயே அதற்குக் காரணமாயிற்று.

தோட்டத்துக்கெனத் தனி வைத்தியம் என்று 1872இல் போடப்பட்ட பாதை மட்டும் இன்னும் முழுமையாக மூடப்படவில்லை. தோட்ட வைத்தியசாலைகளைத் தேசிய சுகாதார சேவையுடன் இணைக்கும் பணி 1990களில் தொடங்கி இன்றும் அரைகுறையாகவே நிற்கிறது. 2023 ஜூலையில் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து ஒரு நடைபயணம் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டது. இரண்டு வாரங்களுக்கும் மேலாக நடந்து, ஓகஸ்டில் அது மாத்தளையை அடைந்தது.