தாட்சாயணி வேலாயுதன் அம்மையார்: உதவித்தொகையில் கற்று உயர்ந்த முதற் பட்டதாரிப் பெண்மணி

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இம்மலரில் யாருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவது என்று நாம் எண்ணிப் பார்த்தோம். அண்ணல் அம்பேத்கரை நம் இளைஞர்கள் அறிவர். தாத்தா இரட்டைமலை சீனிவாசனை அறிவர். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து, 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிய சுவாமி சகஜானந்தரும் நம் மாவட்டத்து மண் ஈன்ற செல்வமே. ஆயினும் இன்று கல்லூரியில் பயிலும் நம் பெண்மக்கள் தமக்கு முன் நடந்த பெண்மணி ஒருவரைத் தேடினால், அவர்களுக்கு யாரைக் காட்டுவது? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது தாட்சாயணி வேலாயுதன் அம்மையாரின் வாழ்க்கை. அவர் தமிழ்நாட்டிற் பிறந்தவர் அல்லர். எனினும் அவர் ஆசிரியர் பயிற்சிப் பட்டம் பெற்றது சென்னைப் பல்கலைக்கழகத்தில். இந்திய அரசியல் நிர்ணய சபைக்கு அவரை அனுப்பியதும் சென்னை மாகாணமே. ஆகவே அவர் நமக்கும் உரியவர்.

அம்மையார் 1912ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அன்றைய கொச்சி சமஸ்தானத்தில், எர்ணாகுளத்தை அடுத்த முளவுகாடு என்னும் தீவில் பிறந்தார். அவர் பிறந்தது புலையர் குலம். வயலில் நாற்று நட்டுக் கதிர் அறுத்து ஊருக்குச் சோறிட்ட அம்மக்களுக்குப் பொதுத் தெருவில் நடக்க உரிமையில்லை. கடைத்தெருவிற்குள் நுழைய உரிமையில்லை. பெண்கள் மேலாடை அணியவும் உரிமையில்லை. மேற்குலத்தார் எதிரே வந்தால் இத்தனை அடி தொலைவில் விலகி நிற்க வேண்டும் என்று அளவு குறித்து வைத்திருந்த நாடு அது.

அடக்குமுறை எங்கு மிகுகிறதோ அங்கு எழுச்சியும் தோன்றும். திருவிதாங்கூரில் மகாத்மா அய்யன்காளி கல்வியுரிமைக்கும் வழிநடை உரிமைக்கும் போராடிய காலம் அது. கொச்சியில் பண்டிதர் கருப்பன் என்னும் கவிஞரின் துணையோடு 1913ஆம் ஆண்டில் புலையர் மக்கள் ஒரு மாநாடு கூட்டினர். எர்ணாகுளம் நகரத்து நிலத்தில் கூடுவதற்கு இடம் கொடுப்பார் இல்லை. நிலம் தடுக்கப்பட்டால் நீர் தடுக்கப்படவில்லையே என்று எண்ணிய அவர்கள், காயலின் நடுவே படகுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டி, அவற்றின் மீதே கூடினர். காயல் சம்மேளனம் என்று வரலாறு அதனைப் போற்றுகிறது. அம்மாநாட்டை நடத்தியோருள் அம்மையாரின் குடும்பத்தினரும் இருந்தனர். அப்பொழுது அவர் கைக்குழந்தை.

பெயரிடுவதிலும் அக்குடும்பம் புதுவழி கண்டது. அழகி, காளி, சக்கி, குறும்பா என்பன போன்ற பெயர்களே அக்குலத்துப் பெண் குழந்தைகளுக்கு வழங்கி வந்தன. உயர்ந்தோர் என்று தம்மைச் சொல்லிக் கொண்டோர் வைத்துக்கொள்ளும் பெயரை இவர்கள் வைத்தல் ஆகாது என்பது வழக்கம். அவ்வழக்கத்தை மீறித் தம் மகளுக்குத் தாட்சாயணி என்று பெயரிட்டனர் பெற்றோர். தக்கன் மகள் தாட்சாயணி. அதாவது அன்னை உமையம்மையின் திருப்பெயர். உண்ணாமுலையம்மன் கோயில் கொண்ட ஊரில் வாழும் நமக்கு அப்பெயரின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அப்பெயரைச் சொல்லிக் குழந்தையை அழைத்த ஒவ்வொரு முறையும் அவ்வீட்டார் ஒரு பழைய கட்டளையை மறுத்தனர். தம் குலத்துச் சிறுமியருள் மேலாடை அணிந்து வெளியே சென்ற முதல் தலைமுறையிலும் அம்மையார் ஒருவர்.

கற்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போதுமா? கையில் பொருள் வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் எழுச்சி கண்ட கொச்சி அரசு, அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணச் சலுகையும் கல்வி உதவித்தொகையும் வழங்கத் தொடங்கியிருந்தது. அந்த உதவித்தொகையே அம்மையாரைப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குக் கொண்டு சென்றது. காயலில் படகு கட்டிக் கூடிய முன்னோர் கேட்டு வாங்கிய உரிமையே, இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெண்ணின் கல்லூரிக் கட்டணமாக மாறியது என்று நாம் கொள்ளலாம். உதவித்தொகை என்பது எவரோ இரங்கி இட்ட பிச்சை அன்று. உழைத்த மக்களுக்குத் திருப்பித் தரப்படும் கடனில் அது ஒரு சிறு பகுதி. அதனைப் பெறுவதற்கு நம் மாணவியர் எவரும் நாண வேண்டுவதில்லை.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் அம்மையார் அறிவியல் பிரிவில் சேர்ந்தார். அப்பிரிவில் பயின்ற ஒரே மாணவி அவரே. இங்கேதான் நம் ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய செய்தி உள்ளது. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மேற்குலத்து ஆசிரியர் ஒருவர் அவருக்குச் செய்முறைகளைக் காட்டிக் கற்பிக்க மறுத்தார். மற்ற மாணவர் மேசையைச் சூழ்ந்து நின்று கற்க, இவர் தொலைவில் நின்று கண்ணால் பார்த்தே கற்றார். கட்டணம் செலுத்தியாயிற்று, பெயர் பதிவேட்டில் ஏறியாயிற்று, ஆயினும் குழாயும் குடுவையும் அவர் கைக்கு எட்டவில்லை. பிறரென்றால் மனம் கசந்து வீடு திரும்பியிருப்பர். அம்மையார் திரும்பவில்லை. 1935ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றுப் பட்டதாரியானார். பட்டியலினத்திலிருந்து இந்தியாவில் பட்டம் பெற்ற முதற்பெண்மணி என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. மூன்றாண்டுகளுக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார்.

1935 முதல் 1945 வரை திருச்சூர், திருப்பூணித்துறை ஆகிய இடங்களில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அவர் ஆசிரியப் பணி ஆற்றினார். பட்டம் பெற்ற ஆசிரியையாயினும் ஊரார் பார்வை மாறிவிடவில்லை. ஒருநாள் அவர் குறுகிய வயல் வரப்பில் நடந்து சென்றபோது எதிரே வந்த மேற்குலத்துப் பெண் ஒருவர், இவரை வயலுக்குள் இறங்கி வழிவிடுமாறு பணித்தார். அம்மையார் இறங்க மறுத்து வரப்பிலேயே நின்றார். ஒரு தலைமுறைக்கு முன் நினைத்தும் பார்க்க இயலாத செயல் அது. இவை யாவும் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. நம் மாவட்டத்துத் தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், அரசு அதிகாரிகள் முன்னிற்கக் காவல்துறைப் பாதுகாப்போடு நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றது 2023 ஜனவரியில்தான். வரப்பு இன்னும் குறுகலாகவே இருக்கிறது. நிற்பதற்கு நெஞ்சுரம் இன்னும் தேவைப்படுகிறது.

1940ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் முன்னிலையில் அம்மையாருக்கும் ஆர்.வேலாயுதன் அவர்களுக்கும் திருமணம் நடந்தது. தொழுநோயுற்ற ஒருவரே திருமணச் சடங்கை நடத்தி வைத்தார் என்பது எண்ணத்தக்கது. 1945இல் அம்மையார் கொச்சிச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் இடம்பெற்ற பெண்கள் 15 பேர். அவர்களுள் பட்டியலினத்தவர் இவர் ஒருவரே. அப்பொழுது அவருக்கு வயது 34. ஆய்வுக்கூடத்தில் மேசையருகே வர விடப்படாத பெண், நாட்டின் சட்டம் வகுக்கும் அவையில் இருக்கை பெற்றார்.

அவ்வவையில் அவர் பிறர் சொற்களைத் திருப்பிச் சொல்பவராக இருக்கவில்லை. தனித்தொகுதி வாக்குரிமை குறித்து அண்ணல் அம்பேத்கர் கொண்டிருந்த கருத்துக்கு மாறான கருத்தை அவர் கொண்டிருந்தார். ஒடுக்கப்பட்டோர் தேசத்தின் பொது நீரோட்டத்தில் கலந்தே உரிமை பெற வேண்டும் என்று வாதிட்டார். அக்கருத்தை நம்முள் பலர் ஏற்பதில்லை. பூனா ஒப்பந்தத்திற்குப் பின் நம் மக்கள் அடைந்த ஏமாற்றங்களை எண்ணினால் அண்ணலின் ஐயம் எத்துணைப் பொருளுடையது என்பது விளங்கும். ஆயினும் கற்ற பெண் ஒருத்தி தானே சிந்தித்துத் தன் முடிவைத் துணிந்து சொல்வதும் கல்வியின் பயன்தானே? மேலும், 1948 நவம்பரில் வரைவுச் சட்டத்தின் மீது பேசியபோது, மத்திய அரசிடம் அதிகாரம் குவிவதை அவர் கண்டித்தார். இச்சட்டத்திற்குப் பொதுத்தேர்தல் வாயிலாக மக்களின் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் கூறினார். அதே மாதம் 29ஆம் நாள் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு அவையில் நிறைவேறியபோது, தண்டனை மட்டும் போதாது, மக்களின் மனம் மாறும் வண்ணம் அரசே பரப்புரை செய்ய வேண்டும் என வலியுறுத்தினார். அப்பிரிவே இன்று அரசமைப்பின் 17ஆம் பிரிவாக நிற்கிறது.

அம்மையாரைப் போன்று ஓரிருவருக்குக் கிடைத்த வாய்ப்பு நாடு முழுதும் பரவ வேறொரு முயற்சி தேவைப்பட்டது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்கா சென்று கற்ற அண்ணல் அம்பேத்கர், வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தபோது இதனை அரசிடம் வற்புறுத்தினார். அதன் பயனாக 1944இல் பட்டியலின மாணவர்க்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. பின்னர், பட்டியலினத்தார் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் கல்வி நலனைக் காப்பது அரசின் கடமை என அரசமைப்பின் 46ஆம் பிரிவு வகுத்தது. சென்னை மாகாணத்துச் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடஒதுக்கீட்டு ஆணை செல்லாதென 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, முதல் திருத்தம் வாயிலாக 15ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. அத்திருத்தத்தை நிறைவேற்றிய தற்காலிகப் பாராளுமன்றத்தில் தாட்சாயணி அம்மையாரும் உறுப்பினர்.

1952க்குப் பின் அம்மையார் பதவியில் இல்லை. 1971இல் மக்களவைத் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். பதவி போனால் பணியும் போகும் என்பது அவரிடத்தில் பொய்யாயிற்று. தில்லியில் துப்புரவுத் தொழில் செய்த பெண்களிடையே அவர் தொண்டாற்றினார். 1977இல் மகிளா ஜாக்ருதி பரிஷத் என்னும் மகளிர் அமைப்பைத் தோற்றுவித்தார். 1978 ஜூலை 20ஆம் நாள் இயற்கை எய்தினார். பல்லாண்டுகள் அவர் பெயரைப் பாடநூல்கள் மறந்திருந்தன. பெண்களின் உயர்வுக்குப் பாடுபடும் பெண்மணிக்கு அவர் பெயரால் விருது வழங்குவதாகக் கேரள அரசு 2019இல் அறிவித்தது.

இவ்வரலாற்றிலிருந்து நம் சங்கம் கற்க வேண்டுவது யாது? பணம் ஒரு பெண்ணைக் கல்லூரி வாயில்வரை கொண்டு சேர்க்கும். உள்ளே அவள் நிலைத்து நிற்க வேறு துணைகளும் வேண்டும் என்பதே. இன்று உதவிகளுக்குக் குறைவில்லை. மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. ஆதிதிராவிடர் நல விடுதிகள் உண்டு. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கியது. வேலைக்குரிய திறன்களைப் பயிற்றும் நான் முதல்வன் திட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. நம் ஊரிலேயே 1966 முதல் அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது.

இருந்தும் செங்கம், கலசபாக்கம், தண்டராம்பட்டுப் பக்கங்களிலிருந்து பேருந்தில் வரும் நம் பெண் ஒருத்தி முதலாண்டிலேயே நின்றுவிடுவது ஏன்? வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாததால் தொகை வந்து சேராமல் போகலாம். வருமானச் சான்றிதழ் உரிய காலத்தில் கிடைக்காமல் போகலாம். தமிழ்வழியில் படித்து வந்தவள் ஆங்கிலப் பாடநூலைக் கண்டு அஞ்சலாம். மாலைப் பேருந்து தவறினால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று கலங்கலாம். நல்ல இடம் வந்திருக்கிறது என்று பெற்றோரே படிப்பை நிறுத்தலாம். இவற்றுள் ஒன்றேனும் அரசாணையால் மட்டும் தீரக்கூடியதன்று. அருகிலிருந்து கைகொடுப்பார் வேண்டும்.

ஆதலின் வெள்ளி விழாவின் நினைவாக நம் சங்கம் சில பணிகளை மேற்கொள்ள வேண்டும் என்பது நம் விண்ணப்பம். கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவிக்கும் படித்து வேலையில் இருக்கும் நம்மவருள் ஒருவர், இயன்றவரை ஒரு பெண்மணி, மூன்றாண்டும் துணையாக அமைய வேண்டும். ஜூன், ஜூலைத் திங்களில் விண்ணப்பங்களையும் சான்றிதழ்களையும் சரிபார்க்கும் முகாம் நடத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலமும் கணக்கும் கணிப்பொறியும் கற்பிக்க வேண்டும். பாடநூல்களைச் சேர்த்து வைத்து ஆண்டுதோறும் கைமாற்றித் தர வேண்டும். அரசுத் தொகை வரத் தாமதமாகும் மாதங்களில் கட்டணம் கட்ட ஒரு சிறு சுழல்நிதி வேண்டும். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் முன்வந்தால், செய்முறைத் தேர்வுக்கு முன் நம் பெண்கள் கருவிகளைக் கையாலேயே தொட்டுப் பழகலாம். தொலைவில் நின்று பார்த்துக் கற்கும் நிலை இனி எவளுக்கும் வரலாகாது.

இளைஞர்களே! உங்கள் தங்கை கல்லூரிக்குப் போவதை உங்கள் குடும்பத்தின் செலவாகக் கருதாதீர். அம்மையாரின் கல்வி அவர் குடும்பத்தோடு நிற்கவில்லை. நாட்டின் சட்டத்திலேயே அவர் குரல் சேர்ந்தது. பெற்றோரே! ஒரு பெண்ணின் படிப்பைப் பாதியில் நிறுத்துமுன், தம் மகளுக்குத் தாட்சாயணி என்று துணிந்து பெயர் வைத்த அந்தத் தீவுக் குடும்பத்தை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். மாணவ மணிகளே! உங்களுக்கு வரும் உதவித்தொகைக்குப் பின்னே படகுகளில் கூடிய ஒரு கூட்டம் நிற்கிறது. அதனைத் தலைநிமிர்ந்து பெற்றுக்கொள்ளுங்கள். கற்று முடித்தபின் உங்களுக்குப் பின்னே வருபவளுக்குக் கைகொடுங்கள். சங்கம் பொன்விழாக் காணும் நாளில், அம்மலரின் கட்டுரைகளை நம் பெண்மக்கள் பலர் எழுதக் காண வேண்டும் என்பதே நம் அவா.