இரு சீனங்களைக் கண்ட பணிக்கர்

திருவனந்தபுரத்துத் தமிழர்க்குச் சர்தார் கே. எம். பணிக்கர் என்றதும் நினைவுக்கு வருவது எல்லைதான். 1953இல் அமைந்த மாநிலச் சீரமைப்புக் குழுவின் மூவரில் அவர் ஒருவர். தோவாளை முதல் விளவங்கோடு வரை நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் தமிழகத்திற்குத் தரச் சொன்ன அக்குழு, தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தர மறுத்தது. அந்த மனக்குறை எளிதில் தீர்வதன்று. எனினும் அதனைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, சீனத்தைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படித்தல் நன்று.

காவாலம் மாதவ பணிக்கர் 1895இல் குட்டநாட்டில் பிறந்தார். கற்றது கோட்டயத்து மிஷன் பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டு. அலிகாரில் ஆசிரியர், டில்லியில் பத்திரிகையாசிரியர், பிகானீரில் திவான் எனப் பல வேடங்கள். மலையாளத்தில் நாவலும் கவிதையும் வேறு!

1948இல் இந்தியத் தூதராக நான்கிங் சென்றார். மறு ஆண்டு ஏப்ரலில் அந்நகர் கம்யூனிஸ்டுப் படையின் வசமாயிற்று. ஓர் ஆட்சி சரிந்ததைக் கண்டவரே, 1950இல் புதிய ஆட்சிக்கும் தூதராய்ப் பீகிங்கில் மாவோவின் முன் நின்றார். அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில் சூ என்லாய் அவரை அழைத்தார். அமெரிக்கப் படை கொரியாவில் 38ஆம் இணைகோட்டைத் தாண்டினால் சீனம் வாளாவிராது என்பதே செய்தி. பணிக்கர் அதை உடனே டில்லிக்கு அனுப்பினார். அங்கிருந்து அது வாஷிங்டனை அடைந்தது. சீனர் சார்பாகப் பேசுபவர் என்று அவரை அங்கே எள்ளினர். அம்மாத இறுதிக்குள் சீனப் படை யாலு ஆற்றைக் கடந்துவிட்டது. போர் 1953 வரை நீண்டது.

அவ்வளவு கூர்மையான கண் திபெத்தின் பக்கம் ஏனோ மங்கிப் போயிற்று. அதே அக்டோபரில் சீனப் படை திபெத்தில் புகுந்தது. சீனத்தின் செயலுக்குத் தூதரே சமாதானம் தேடுகிறார் என்று நவம்பரில் நேருவுக்கு எழுதிய கடிதத்தில் பட்டேல் கடிந்துகொண்டார். பட்டேலின் பக்கமே நியாயம் இருந்ததாக நான் கருதுகிறேன்.

1953இல் வெளிவந்த பணிக்கரின் பெருநூல் ஆசியாவில் மேலை நாட்டார் ஆதிக்கத்தைப் பற்றியது. அதில் பாதிரிமாரைப் பற்றிய பகுதிதான் பெரும் பூசலை எழுப்பியது. 1858ஆம் ஆண்டின் தியன்சின் உடன்படிக்கை, சீனத்தின் உள்நாடெங்கும் சென்று மதம் பரப்பும் உரிமையைத் தந்தது. போரில் தோற்றவனிடம் பெற்ற உரிமை அது. பாதிரியாருக்கு ஊறு நேர்ந்தால் பீரங்கிக் கப்பல் வந்து நிற்கும். கிராமத்தான் கண்ணுக்குச் சிலுவையும் கப்பலும் ஒன்றாயின. 1900இல் பாக்ஸர் கலகம் வெடித்தபோது மாண்டவர்களில் அயல்நாட்டுப் பாதிரிமாரைவிடச் சீனக் கிறித்தவர்களே பன்மடங்கு. மதத்தை வாளின் நிழலில் கொணர்ந்ததே அதற்கு அங்கே வேர் பிடியாமல் செய்தது என்பது பணிக்கரின் கட்சி.

மிஷன் பள்ளியில் எழுத்தறிந்தவர் சொன்ன தீர்ப்பு இது! நன்றி கொன்றார் என்று சிலர் வெகுண்டனர். அவ்வாறு நான் சொல்லேன். உடன்படிக்கைகளைப் பற்றி அவர் கூறியது உண்மை. ஆனால் அவர் தராசில் ஒரு தட்டு ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கிறது. 1835இல் கான்டனில் பீட்டர் பார்க்கர் கண் மருத்துவமனை திறந்தபோது எந்த உடன்படிக்கையும் இல்லை. நோயாளிகள் தாமே வந்து குவிந்தனர். 1838இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணியை அறிந்த நம் பக்கத்தார்க்கு அந்த மற்றொரு தட்டின் கனம் தெரியும்.

1962இல் சீனத்தோடு போர் மூண்டதையும் பணிக்கர் கண்டார். மறு ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருக்கையில் காலமானார்.