மகசேசே: துப்பாக்கியை மட்டும் நம்பாத தற்காப்பு அமைச்சர்

மகசேசே விருது பற்றி நிச்சயம் கேள்விப்பட்டிருப்பீங்க. துங்கு அப்துல் ரஹ்மான் (1960), டாக்டர் கோ கெங் சுவீ (1972), எம்.எஸ். சுப்புலட்சுமி (1974) எல்லாரும் பெற்ற விருது அது. ஆனா அந்தப் பெயருக்குரிய மனிதர் யார்? பயங்கரவாதம் பற்றிப் பேசும்போது அவர் பெயர் ஏன் வருகிறது?

யார் இவர்?

ரமோன் மகசேசே 1907 ஆகஸ்ட் 31ஆம் தேதி பிலிப்பீன்ஸின் சம்பாலஸ் மாநிலத்தில் பிறந்தார். பேருந்து நிறுவனமொன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்து, நிர்வாகியாக உயர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்து கொரில்லாப் போர் நடத்தினார். 1946இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

காட்டில் ஒளிந்திருப்பவருக்குக் கிராமத்தின் ஆதரவு எவ்வளவு முக்கியம் என்பது அவருக்கு அனுபவத்திலேயே தெரியும்.

ஹுக் போராளிகள் ஏன் ஆயுதம் எடுத்தார்கள்?

மத்திய லூசோன் பகுதியில் பெரும்பாலான விவசாயிகளுக்குச் சொந்த நிலம் கிடையாது. விளைச்சலில் பாதி அல்லது அதற்கு மேல் நிலக்கிழாருக்குப் போய்விடும். மீதிக்கு வட்டிக்காரர் காத்திருப்பார். 1942இல் ஜப்பானியருக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகள் தலைமையில் உருவான ஹுக்பலஹாப் படையில் இந்த விவசாயிகள்தான் அதிகம்.

போர் முடிந்ததும் அவர்களில் சிலர் தேர்தல் வழியையும் முயன்று பார்த்தார்கள். மகசேசே வென்ற அதே 1946 தேர்தலில் ஹுக் தலைவர் லூயிஸ் தாருக்கும் அவருடைய கூட்டணியினரும் வென்றார்கள். ஆனா அவர்களை மன்றத்தில் உட்கார விடவில்லை. அதே ஆண்டு விவசாயத் தலைவர் ஹுவான் ஃபெலேயோ கடத்திக் கொல்லப்பட்டார். நிலமும் இல்லை, வென்ற இடமும் இல்லை. மறுபடியும் துப்பாக்கி வெளியே வந்தது.

வன்முறை வேகமாகக் கொடூரமானது. 1949 ஏப்ரலில் முன்னாள் அதிபர் கேசோனின் மனைவி அவுரோராவும் மகளும் சென்ற வாகன அணி தாக்கப்பட்டது. இருவரும் இறந்தார்கள். ஹுக் குழுவினர்மீது நாடே கோபப்பட்டது. இன்னொரு பக்கம், கிராமங்களில் சோதனை என்ற பெயரில் காவல்படையினர் செய்த அடாவடியால் மக்கள் அரசாங்கத்தைக் கண்டும் அஞ்சினார்கள். அந்த ஆண்டு நடந்த தேர்தலோ, மோசடிக்குப் பேர்போனது.

பதவிக்கு வந்ததும் என்ன செய்தார்?

1950 செப்டம்பரில் அதிபர் கிரினோ அவரைத் தற்காப்பு அமைச்சராக்கினார். மகசேசே தொடங்கிய இடம் ராணுவம். முன்னறிவிப்பு இல்லாமல் முகாம்களுக்குப் போய் நிற்பார். மக்களிடம் முறைகேடாக நடந்த அதிகாரிகளை அங்கேயே நீக்குவார். படைவீரரின் தினப்படி வெறும் 30 சென்டாவோவாக இருந்தது. கிராமத்துக் கோழியும் அரிசியும் ஏன் காணாமல் போயின என்று புரிகிறதா? அதை அவர் ஒரு பெசோவாக உயர்த்தினார்.

யாரும் சில காசு செலவில் அவருக்கே தந்தி அடித்துப் புகார் சொல்லலாம் என்ற ஏற்பாடு வந்தது. நிலக்கிழாரை எதிர்த்து வழக்காட முடியாத குத்தகை விவசாயிகளுக்காக ராணுவ வழக்கறிஞர்கள் இலவசமாக நீதிமன்றம் போனார்கள்.

சரணடைந்த போராளிகளுக்கு மின்டனாவ் தீவில் நிலம் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. உண்மையில் அது சிறிய திட்டம். குடியேறிய குடும்பங்கள் ஆயிரத்துக்கும் குறைவு, அதிலும் முன்னாள் போராளிகள் பாதிகூட இல்லை. ஆனா அந்தச் செய்தி காட்டுக்குள் பரவியது. நிலத்துக்காகப் போராடியவனுக்கு, அதை அடைய இன்னொரு வழியும் இருக்கிறது என்று தெரியவந்தது.

ஓட்டுக்குக் காவல்

1951 தேர்தலில் ராணுவமும் மாணவர் படையும் வாக்குச்சாவடிகளுக்குக் காவல் நின்றன. பெருமளவு நேர்மையாக நடந்த அந்தத் தேர்தலில், மகசேசேயை அமைச்சராக்கிய ஆளுங்கட்சியே செனட்டில் படுதோல்வி அடைந்தது. ஓட்டால் ஆட்சியாளரைத் தோற்கடிக்க முடியும் என்று மக்கள் கண்ணால் பார்த்தார்கள். ஹுக் பிரசாரத்துக்கு விழுந்த பெரிய அடி இதுதான்.

அதே நேரத்தில் நீக்ரோஸ் தீவில் மொய்சேஸ் பதில்யா என்ற மேயர் வேட்பாளரை ஆளுநரின் அடியாட்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். மகசேசே அங்கே பறந்துபோய், அவர் உடலைத் தன் கைகளில் சுமந்து வந்தார். அந்த ஆளுநரும் ஆளுங்கட்சிக்காரர்தான். இருந்தும் வழக்கு நடந்தது, தண்டனையும் வந்தது.

1953இல் பதவி விலகி எதிர்க்கட்சி சார்பில் நின்ற மகசேசே, கிரினோவைத் தோற்கடித்து அதிபரானார். 1954 மே மாதம் தாருக் சரணடைந்தார். பேச்சு நடத்திய 21 வயதுச் செய்தியாளர் பெனிக்னோ அக்கினோ, பின்னாளில் மார்க்கோஸை எதிர்த்த அதே அக்கினோதான்.

மறுபக்கமும் இருக்கு

இதை வெறும் அன்பால் கிடைத்த வெற்றி என்று சொல்ல முடியாது. கடுமையான ராணுவ வேட்டையும் கூடவே நடந்தது. தடுப்புக்காவலை நீதிமன்றத்தில் எதிர்க்கும் உரிமையைக் கிரினோ அரசாங்கம் 1950இல் நிறுத்திவைத்தது. அமெரிக்க உளவு அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல் மகசேசேயின் நெருங்கிய ஆலோசகர். ஹுக் குழுவினரை ஒடுக்க அமெரிக்கப் பணமும் ஆயுதமும் வந்தன.

அதைவிட முக்கியமான விஷயம் நிலம். 1955இல் அவர் கொண்டுவந்த நிலச் சீர்திருத்த மசோதா, நிலக்கிழார்கள் நிறைந்த நாடாளுமன்றத்தைத் தாண்டி வெளியே வந்தபோது பல் பிடுங்கப்பட்ட சட்டமாக இருந்தது. நேர்மையான தேர்தலில்கூடப் பெரும்பாலும் பணக்காரர்களே ஜெயித்துவந்த மன்றம் அது.

1957 மார்ச் 17ஆம் தேதி அவர் சென்ற விமானம் செபூவில் மனுங்கல் மலையில் மோதியது. 26 பேரில் ஒரு செய்தியாளர் மட்டுமே உயிர் பிழைத்தார். மகசேசேக்கு அப்போது வயது 49.

அவருக்குப் பிறகு?

புகார்த் தந்தியைப் படிக்க ஆள் இல்லை. நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே இருந்தது. 1969இல் அதே மத்திய லூசோனில் புதிய மக்கள் படை என்ற அடுத்த ஆயுதக் குழு பிறந்தது. பல ஆண்டுகளாக மின்டனாவுக்கு அரசாங்கங்கள் ஊக்குவித்த குடியேற்றம் அங்கிருந்த முஸ்லிம்களின் நிலத்தைச் சுருக்கியது. லூசோனின் ஏழைக்குத் தீர்வாகத் தெரிந்த நிலம் மின்டனாவில் புதிய மனக்குறையானது. 1970களில் அங்கேயும் போர் வெடித்தது. அதில் ஒரு பெரிய குழுவுடன் 2014இல்தான் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. அந்தப் பேச்சுக்கு நடுவராக இருந்த நாடு மலேசியா.

ராணுவத்தின் நடத்தையையும் வாக்குப்பெட்டியையும் மகசேசே சில ஆண்டுகளில் சரிசெய்தார். ஹுக் படையின் பலம் குறைய அதுவே பெரிய காரணம். சரிசெய்ய முடியாமல் விட்டுப்போன நிலப் பிரச்சினையில்தான் அடுத்த தலைமுறையின் போர் தொடங்கியது.