தந்தையைத் தேடி வந்த பிள்ளைகள்

நமது பங்கின் இந்த யூபிலி ஆண்டில், நோட்டும் கையுமாய் வீடு வீடாய்ப் படியேறி, பங்குப் பள்ளிக்காக ஆண்டுதோறும் பொருள் திரட்டித் தரும் பழைய மாணவர்களைக் கௌரவிக்கின்றோம். இவ்வேளையில், இத்தகைய தொண்டுக்கு ஊற்றாய் விளங்கிய புனித தொன் போஸ்கோவின் வாழ்வை நினைவுகூர விழைகின்றோம்.

இத்தாலி நாட்டின் பியெமோந்தே பகுதியில் பெக்கி என்னும் சிற்றூரில், 1815-ம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ம் நாள் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா அம்மையாரே உழைத்து வளர்த்தார். 1831-ல் கியேரி நகரில் படிக்கச் செல்ல வழியின்றி, ஊராரிடம் வீடு வீடாய்ச் சென்று உதவி கேட்டார். 1835-ல் குருமடத்தில் சேர்ந்தபோது அவர் அணிந்த அங்கியும் தொப்பியும்கூட ஊரார் தந்தவையே. பிறர் கொடுத்ததால் படித்தவர் என்பதை அவர் ஒருநாளும் மறந்தாரில்லை.

1841-ம் ஆண்டு ஜூன் 5-ம் நாள் குருப்பட்டம் பெற்றார். துரின் நகரின் தெருக்களில் வேலையும் வீடுமின்றி அலைந்த சிறுவர்களைக் கண்டு மனமுருகினார். 1846-ல் வல்தோக்கோ என்னுமிடத்தில் ஒரு தாழ்வான கொட்டகையை வாடகைக்கு எடுத்து அவர்களைக் கூட்டினார். அன்னையும் ஊரைவிட்டு வந்து, தம் திருமணச் சீர்ப்பொருள்களை விற்று அப்பிள்ளைகளுக்கு உணவூட்டினார். இரவுப் பள்ளியும், தையல், செருப்புத் தைத்தல், புத்தகம் கட்டுதல் ஆகிய தொழிற்கூடங்களும் ஒவ்வொன்றாய் எழுந்தன. 1850-ல் இளம் தொழிலாளர்களுக்கென ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். ஞாயிறுதோறும் ஒரு செப்புக்காசு செலுத்தி வந்தவர் நோயுற்றால் சங்கமே தாங்கும். ஏழையும் கொடுக்க வல்லவன் என்பதே அவர் கற்பித்த பாடம்.

அவரிடம் வளர்ந்தவர்களுள் ஒருவர் கார்லோ கஸ்தீனி. முடிதிருத்தும் கடையில் எடுபிடியாய் இருந்து, தாயையும் இழந்து அழுதுநின்ற சிறுவன். தொன் போஸ்கோ அவனைத் தம் இல்லத்தில் சேர்த்தார். அவன் புத்தகம் கட்டும் தொழில் கற்று ஆளானான். 1870-ம் ஆண்டு ஜூன் 24-ம் நாள், ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, கஸ்தீனி தம் பழைய தோழர்கள் சிலரைத் திரட்டிக்கொண்டு வல்தோக்கோவுக்கு வந்தார். தங்களுக்குள் காசு சேர்த்து வாங்கிய காப்பிக் கோப்பைகளைத் தந்தைக்குக் காணிக்கையாக்கினர். பெருஞ்செல்வர் எவரும் அக்கூட்டத்தில் இல்லை. ஆயினும், இன்று உலகெங்கும் பரவியுள்ள தொன் போஸ்கோ பழைய மாணவர் இயக்கம் அன்றுதான் பிறந்தது.

அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அவர்கள் வந்தனர். தொகையும் கூட்டமும் பெருகின. தோழர்களுக்கு நினைவூட்டி அழைத்து வருவதும், பாட்டும் வேடிக்கையுமாய் மகிழ்விப்பதும் கஸ்தீனியின் பணியாயின. தொன் போஸ்கோவோ, அவர்களைத் தம் பந்தியில் அமர்த்தி விருந்தளித்தார். கொடுக்க வந்தவர்கள் உண்டு மகிழ்ந்து திரும்பினர்! பணத்தைவிடப் பிள்ளைகள் வீடு திரும்பியதே அவருக்குப் பெரிதாயிருந்தது.

கையேந்துவதற்கு அவர் வெட்கப்படவில்லை. உடல் நலிந்த முதுமையிலும், 1883-ல் பாரிஸ் வரை சென்று, உரோமையின் திரு இருதய ஆலயத்துக்காகப் பொருள் திரட்டினார். 1888-ம் ஆண்டு ஜனவரி 31-ம் நாள் இறையடி சேர்ந்தார். பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1934-ல் அவரைப் புனிதராக உயர்த்தினார். துரினில் சகாய அன்னை ஆலயத்தின் முன் நிற்கும் அவரது சிலை, பழைய மாணவர்களின் முயற்சியால் எழுந்து 1920-ல் திறக்கப்பட்டதாகும்.

1906-ல் அவர்தம் சலேசிய சபையினர் தஞ்சையில் வந்திறங்கித் தமிழகத்தில் பணி தொடங்கினர். 1886-ல் மறைமாவட்டமான நம் கோவையிலும், ஆலயத்தோடு பள்ளியும் எழுப்புவது குருக்களின் வழக்கமாயிற்று. விதைத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் காடு கருகும் என்பதைக் கொங்கு உழவருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. பள்ளியும் அவ்வாறே, ஒருமுறை கட்டியதோடு முடிவதன்று. கூரை ஒழுகும், பலகை தேயும், கட்டணம் கட்ட முடியாத பிள்ளை ஆண்டுதோறும் வாசலில் வந்து நிற்பான்.

அவனுக்காகவே நம் தொண்டர்கள் படியேறுகின்றனர். வசூலுக்கு வந்துவிட்டார்கள் என்னும் ஏளனச் சொல்லையும் அவர்கள் கேட்டுக்கொள்கின்றனர். அடுத்த முறை அவர்கள் நம் வாசலில் நிற்கும்போது கஸ்தீனியை நினைப்போம், ஒரு கோப்பைக் காப்பி கொடுத்து உட்கார வைப்போம், இயன்றதைக் கொடுப்போம்.

புனித தொன் போஸ்கோவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.